நான்காவது டப்பா

செங்கோட்டையன் வேங்கை மரப் பொந்துக்குள் கையை விட்டு, இரண்டாவது பால்பவுடர் டப்பாவை வெளியே இழுத்தார். உள்ளே நாலாய் மடித்த சீட்டு. 'பழைய தண்டவாளத்தோடு கிழக்கே நூறு காலடி. யானை கட்டும் கல்லுக்குப் பின்னால் பார்.'

முந்தைய சீட்டில் இருந்த அதே ஆண்பிள்ளைக் கையெழுத்து. கசக்கிச் சட்டைப்பையில் திணித்தார். "பார்னு எழுதறான். எம்பட பொண்ணுக்கு இவன் உத்தரவு போடறானாமா. இந்தத் தடி அவன் முதுகுல முறியாம நான் இன்னிக்கு மலை இறங்க மாட்டேன்."

பின்னால் வந்த மனைவி குழந்தையம்மாள் ஒயர் கூடையின் மேல் மூடியிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

முதல் சீட்டு அன்று காலை, கணபதியில் அவர்கள் வீட்டில், இளைய மகள் லோகப்பிரியாவின் புத்தகத்திலிருந்து விழுந்தது. 'ஆனைமலைக் காட்டு செக்போஸ்ட் தாண்டி, மைல்கல்லுக்குப் பின்னால் முதல் டப்பா.' ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி அவள் ஆறு மணிக்கே போய்விட்டிருந்தாள். போன மாதம்தான் கல்லூரியில் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிவந்து புதையல் வேட்டை என்று ஒரு விளையாட்டு நடத்தினார்கள். ஒரு டப்பாவில் இருக்கும் சீட்டு அடுத்த டப்பாவுக்கு வழி சொல்லுமாம். அதே விளையாட்டை வைத்து எவனோ அவளைக் காட்டுக்கு வரவழைக்கிறான் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

உடனே காரை எடுத்தார். பெண் விஷயம், நானும் வாரேன் என்று குழந்தையம்மாளும் ஏறிக்கொண்டாள். ஆனைமலையைத் தாண்டி, செக்போஸ்ட் ஓரம் காரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு மகளால் பட்டதே போதும் அவருக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் எவனோ ஒரு காக்கிச் சட்டைச் சம்பளக்காரனோடு ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டாள். அன்றைக்குப் பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் அவர் எழுந்து நின்று சொன்னார்: "நானே அவ வாசல்ல போயி நின்னு, பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அவ எம்பட ஊட்டுப் படி ஏறோணும்."

அதற்குப் பிறகு அந்தப் பேரை அவர் உச்சரிக்கவில்லை. வீட்டில் வேறு யாரையும் உச்சரிக்க விட்டதுமில்லை. அவள் எந்த ஊரில் குடியிருக்கிறாள் என்றுகூடக் கேட்டதில்லை. சபையில் சொன்ன சொல்லை மாற்றினார் என்று அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒருத்தரைக் காட்ட முடியாது.

அடுத்த வாரம் மகன் மதன்குமாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீரை அந்த வீட்டில் எப்போதும் மூத்த பெண்தான் செய்வாள். குழந்தையம்மாள் அதைப் பற்றி ஒரே ஒருமுறை பேச்செடுத்தாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். லோகப்பிரியா செய்யட்டும் என்று முடிவாயிற்று. இப்போது இவளும் போய்விட்டால், மகன் பக்கத்தில் நிற்க ஒரு பெண் கிடையாது. ஊர் முன்னால் தலை நிமிர்த்த முடியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரம் இழுத்த யானைகளைக் கட்டுவதற்கு நட்ட கல், மரம் ஏற்றிப்போக அப்போது போட்ட தண்டவாளம் முடிகிற இடத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால் மூன்றாவது டப்பா. 'இடிந்த பங்களாவின் கடைசிப் படி.'

குழந்தையம்மாள் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏனுங்க, செத்த நேரம் உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க. இன்னும் ஒரு டப்பாதானுங்க."

"மானம் போகுது, உனக்குத் தண்ணி கேக்குதா?" என்று அவர் தடியை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். அறுபத்தாறு வயதிலும் முதுகு வளையவில்லை.

பங்களாவுக்குச் சுவர் மட்டும் மிச்சம். கடைசிப் படிக்குக் கீழே நான்காவது டப்பா இருந்தது. 'ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. வாசலில் நின்று கூப்பிடு.'

ஓடையை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாண்டினார். தனியாக நின்றது அந்த வீடு. கொடியில் ஒரு காக்கிச் சட்டை காய்ந்தது. கதவு சாத்தியிருந்தது. படியோரம் லோகப்பிரியாவின் பச்சை வார்ச் செருப்பு கிடந்தது. தீபாவளிக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

அதைப் பார்த்ததும் அவர் வேகமாக வாசலுக்குப் போனார். குழந்தையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "மெதுவாக் கூப்பிடுங்க. இவளும் அக்காளாட்டமே போயிப்போட்டா நாம என்னங்க பண்றது?"

அவ்வளவுதான். தடியை வாசலில் ஓங்கிக் குத்தினார். ஏழு வருஷம் அடக்கி வைத்திருந்த குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

"ஒரு மோகனப்பிரியா எனக்குப் பத்தாதா? வெளிய வா."

கதவு திறந்தது. அவர் தடியை ஓங்கினார். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி படியிறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால், நிலையைப் பிடித்துக்கொண்டு லோகப்பிரியா நின்றாள். வேறு யாரும் உள்ளே இல்லை.

செங்கோட்டையன் மூத்த மகளைப் பார்த்தார். ஓங்கிய தடி ஓங்கியபடியே நின்றது.

"உன்னைய யாரு கூப்பிட்டது?" என்றார்.

குழந்தையம்மாள் ஒயர் கூடையின் மேல் மூடியிருந்த துண்டை விலக்கினாள். பட்டுச்சேலையும் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையும் வைத்த தாம்பாளத்தை எடுத்து அவர் கையருகே நீட்டினாள்.

"நீங்கதானுங்க. வாசல்ல நின்னு, பேரச் சொல்லி."