எந்த முறை உசத்தி?

விடுமுறை முடிந்து திறந்த பெரம்பலூர் கல்லூரியில் நெட் இல்லை. கல்லூரியை ஆய்வு செய்ய வரும் குழுவோ பக்கத்துப் பாடாலூரைத் தாண்டிவிட்டது.

"தகவல் போன வழியே சுத்திச் சுத்தி வந்து அடைக்குது. அதைத் தடுக்குற பழைய முறை எஸ்டிபிக்கு அம்பது செகண்டு, புது முறை ஆர்எஸ்டிபிக்கு ரெண்டே செகண்டு! இதுகூடத் தெரியாம நீ என்ன டெக்னீசியன்? குழு வர்றதுக்குள்ள நெட் வரலேன்னா வேலையை விட்டுப் போயிடு!" என்று முழங்கினார் துறைத்தலைவர் முனைவர் ராசாங்கம்.

"கம்ப்யூட்டரையெல்லாம் இணைக்கிற நம்ம மலிவு சுவிட்சுல ரெண்டு முறையுமே கிடையாதுங்க சார்," என்றபடி வெற்றிச்செல்வி சுவிட்ச் இருந்த அலமாரியைத் திறந்தாள். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தன. ஒன்றைப் பிடுங்கினாள். நெட் வந்துவிட்டது.

"எந்த முட்டாள் செருகினான்?"

"லீவுக்கு முன்னாடி ஆயுதபூசைக்கு இந்தச் சுவிட்சைத் துடைச்சுப் பொட்டு வச்சீங்களே, அப்ப வயர் தொங்குறது லட்சணமா இல்லைன்னு நீங்கதாங்க சார் செருகுனீங்க."

முனைவரின் குரல் இறங்கியது. "வேற யாரும் பாக்கலையேம்மா?"