வெள்ளைக்காரி கலர்

ராயப்பேட்டையில் ஜலஜா நடத்தும் பியூட்டி பார்லரில், புர்காவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்தாள் சகினா.

"வெள்ளைக்காரிங்க மாதிரி என் முடிய மஞ்சளாக்கிடுக்கா."

ஜலஜா அந்தக் கரிய கூந்தலைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "இவ்ளோ அழகான முடிடி! பிளீச் போட்டா எரியும். டை ஏறிடுச்சுன்னா கழுவினாலும் போகாது."

"போகவே கூடாதுக்கா."

"வெளியில புர்கா போடுற. யாரு பாக்கப் போறா?"

"எங்க வூட்டுக்காரர்."

"பாஷா பாய் கேட்டாரா?"

"கேக்கல. ஆனா கேபிள் டிவில நியூஸ் வாசிக்கிற வெள்ளைக்காரி வந்தா மட்டும், கிட்டக்க போய் பாத்துக்கினே கீறார்."

ஜலஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெக்கமா இல்ல அந்த மனுஷனுக்கு? அதுக்காக நீ ஏன்டி முடியக் கெடுத்துக்கற?"

"அவரத் திட்டாதக்கா. சுகர்ல கண்ணு போய்க்கினு கீது. கருப்பெல்லாம் இருட்டோட கலந்துடுது, பளிச்சுனு கீற தலை மட்டும்தான் கொஞ்சம் தெரியுதாம்."

சகினா கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

"நேத்து அவர் பக்கத்துலயேதான் உக்காந்துகினு இருந்தேன். 'உங்கம்மா எங்க போனா?'ன்னு எங்க பொண்ணக் கேக்குறார்."