இஸ்பேட் ஆறுக்குச் சொன்ன இடம்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் இஸ்பேட் ராஜா. நான் அதே சீட்டுக்கட்டில் இஸ்பேட் ஆறு.

பிரெஞ்சுக்காரர்களின் பெலோத் ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு சீட்டு போதும். இரண்டு முதல் ஆறு வரை உள்ளவர்களைக் கட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"எனக்கும் ஒரு இடம் கொடுங்க ராஜா" என்று கெஞ்சினேன்.

"எங்க ஆள் எவனாவது தொலையட்டும், உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றார்.

அதை நம்பி, மற்ற பத்தொன்பது பேரோடு பல வருஷம் தகர டப்பாவில் கிடந்தேன்.

ஒரு மத்தியானம் காற்றடித்து இஸ்பேட் ஜாக்கி கிணற்றில் விழுந்தான். டப்பாவின் மூடி திறந்தது.

"வாடா ஆறு, உன் நேரம்!" என்றார் ராஜா.

ஆட வந்தவர் என் புள்ளிகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, மையால் ஜாக்கியின் முகத்தை வரைந்தார். வெறும் வேஷம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். மை காய்ந்ததும் ராஜாவுக்குப் பக்கத்தில் என்னைச் செருகினார்.

"சௌக்கியமா ஜாக்கி?" என்றார் ராஜா.

நான் ஆறு என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"சௌக்கியம் ராஜா. கிணத்துக்குள்ளதான் ஒரே குளிர்" என்றது என் வாய்.

நான் கிணற்றைப் பார்த்ததே இல்லை.

"அதே குரல், அதே திமிர்!" என்று ராணி சிரித்தாள். என் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

ராஜா எனக்குச் சொன்ன இடம் ஜாக்கிக்கே போனது. எனக்கு அவர் இன்னும் ஓர் இடம் தர வேண்டும். அதைக் கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன்தான் பேசுகிறான்.