நீச்சல் பாடம்

“இதை எழுதினது யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்,” என்றார் சாம்பசிவம். தலைமை அலுவலகத்திலிருந்து கேமரன் மலைக்கு வந்திருந்த அதிகாரி அவர்.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மேனேஜர் திருமாறன் அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாம்பசிவம் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையப் பலகை. அதில் தோட்டத்துப் பாலர் பள்ளியின் படம். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகள் குடை பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ‘எங்க கிளாஸ்ல தினமும் நீச்சல் பாடம்லா’ என்று ஒரு வரி.

அந்த வரி ஜோகூரிலிருந்து பினாங்குவரை பரவிவிட்டது. எங்கே கூரை ஒழுகினாலும், எந்த பஸ் நிலையத்தில் தண்ணீர் தேங்கினாலும் ஆளாளுக்குப் படம் எடுத்து, ‘இன்னிக்கும் நீச்சல் பாடம்’ என்று போட்டார்கள். சட்டையில்கூட அச்சடித்து விற்றார்கள்.

“கம்பெனி மானமே போச்சு. எழுதின ஆளுக்கு இனிமே இங்க வேலை இல்ல.”

கொழுந்து பறிக்கும் மாரியம்மா முன்னால் வந்தாள். “நான்தான் சார்.”

“அக்காவுக்குப் படம் எடுக்கவே தெரியாது. எழுதுனது நான்,” என்றான் லோரி ஓட்டும் நாகப்பன்.

“ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. நான்தான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. கடைசியில் அறை முழுக்க ‘நான்தான்’.

சாம்பசிவம் மேசையைத் தட்டினார். “விளையாடுறீங்களா? எல்லாரையும் நிறுத்திடுவேன்.”

“நிறுத்துங்க சார்,” என்றாள் மாரியம்மா நிதானமாக. “அதையும் யாராச்சும் பேர் போடாம அங்க எழுதுவாங்க.”

சாம்பசிவம் வெளியே போய் நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “அடுத்த வாரம் புதுக் கூரை போட ஆள் வரும். விசாரணை முடிஞ்சது,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

திருமாறன் எழுந்தார்.

“எழுதினது யாருன்னே தெரியாம, அந்த ஆளுக்காக எல்லாரும் வேலைய விடத் துணிஞ்சிட்டீங்களே.”

“தெரியாமலா?” மாரியம்மா தலை நிமிர்ந்து சிரித்தாள். “நீங்க மழையில நனைஞ்சுக்கிட்டு பள்ளி ஜன்னல் வழியா படம் எடுத்தத, எதிர்ச் சரிவுல கொழுந்து பறிச்சிக்கிட்டிருந்த நாங்க எல்லாரும் பாத்தோம் துரை.”