முதலில் வரும் பெயர்

“படத்துக்கும் பேரு வைக்கணுமா தம்பி?” என்று கேட்டார் டைப்பிஸ்ட் அம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

“ஆமாம்மா. வெறும் நம்பரோட ஏத்தினா கம்ப்யூட்டருக்கு அது யாருன்னு எப்படித் தெரியும்? ஆளோட முழுப் பேரையும் வைங்க.”

மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர், கடகடக்கும் மின்விசிறி. இணையதளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டு வருவது அவன் தொழில். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘முதல்பக்கம்’. ஆள் கிடைத்தால் பத்து நாளில் அடிப்படையைக் கற்றும் கொடுப்பான்.

“பொண்ணு தவறிப்போய் ஒரு வருஷம் ஆச்சு. அவளுக்காக ஒரு பக்கம் போடணும்” என்று சொல்லித்தான் அந்த அம்மா வந்து சேர்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவனுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தைக் காட்டச் சொன்னால் மட்டும், “முதல்ல வரட்டும் தம்பி, அப்புறம் பாருங்க” என்பார். சோகத்தைக் கிளற வேண்டாமென்று அவனும் விட்டுவிட்டான்.

அவரைப் போல ஒரு மாணவி அவனுக்குக் கிடைத்ததில்லை. தலைப்பில் பெயர் வர வேண்டும், முதல் பத்தியில் வர வேண்டும், ஜனங்கள் எந்தச் சொற்களைத் தட்டுவார்களோ அதே சொற்களில் எழுத வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, நோட்டில் குறித்துக்கொண்டே போவார்.

“அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தா? அதைத் தாண்ட முடியுமா?”

“தாராளமா. நாலு பெரிய தளம் நம்ம பக்கத்துக்கு லிங்க் குடுத்தாப் போதும்.”

“பத்திரிகைக்காரங்க ரெண்டு பேர் தர்றோம்னு சொல்லியிருக்காங்க.”

“பலே ஆளும்மா நீங்க.”

ஒன்பதாம் நாள் அவன் நல்ல குஷியில் இருந்தான். மறுநாள் சாயங்காலம் பெண் வீட்டார் வருகிறார்கள். முப்பத்தாறு வயதில் ஒருவழியாகக் கூடிவந்த சம்பந்தம். அந்த உற்சாகத்தில் தன் பெருமையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டான்.

“ஒருத்தன் வந்தாம்மா. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. அவளைப் பத்தி அவனே கண்டபடி எழுதி எடுத்துட்டு வந்தான். எட்டு மாசம் அசையாம முதலிடத்துல நிறுத்தினேன். அவ எங்க வேலை கேட்டுப் போனாலும், பேரைத் தட்டினா அதுதான் வரும்.”

“எழுதினது நிஜமா?”

“அது நமக்கெதுக்கும்மா? மேல ஏத்துறதோட நம்ம வேலை முடிஞ்சுது.”

அவர் நோட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு, பத்திரிகை இணைப்பு வந்தபின் எத்தனை மணி நேரத்தில் பக்கம் மேலேறும் என்று விசாரித்தார்.

பத்தாம் நாள் காலையில் அவர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “வந்துடுச்சு தம்பி. ராத்திரியிலேர்ந்து முதல்ல நிக்குது.”

அவனுக்குத் தானே ஜெயித்ததுபோல இருந்தது. அதற்குள் போன் அடித்தது. அக்கா.

“டேய், அவங்க வரலையாம். காரணம் கேட்டேன். ‘உங்க தம்பியையே கேளுங்க’ன்னு சொல்லி போனை வச்சுட்டாங்க. என்னடா பண்ணித் தொலைச்ச?”

“நான் ஒண்ணும் பண்ணலையே” என்று முணுமுணுத்தபடி போனை மேஜையில் வைத்தான். எதிரே அந்த அம்மா கைகட்டிக் காத்திருந்தார். பாவம், அவருடைய நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

“சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு பேரு என்ன? தட்டிப் பார்ப்போம்.”

“அவ பேரைத்தான் நீங்க அப்பவே மேல ஏத்திட்டீங்களே தம்பி. இப்ப உங்க பேரைத் தட்டுங்க.”