இறக்காத சட்டி

"சாமிப் படத்தையே கழட்டி வைச்சிட்டியள், தங்கச்சி. இந்தச் சட்டியை இறக்க மட்டும் ஏலாதோ?"

வீட்டு ஏஜென்ற் குலசிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரம். இது மூன்றாவது ஞாயிறு.

குணவதி அடுப்படியில் நின்று கறியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்குப் பசிக்காது, அண்ணை."

வாய்க்கு மட்டும் குறைவில்லை என்று அவர் நினைத்தார்.

மற்றதெல்லாம் சொன்னபடி செய்தவள்தான். வாசலில் கிடந்த சப்பாத்துக் குவியலைக் காருக்குள் ஏற்றினாள். சோபாவின் பிளாஸ்டிக் உறையை உரித்தாள். குலசிங்கம் கொண்டுவந்த பூச்சாடியையும் பச்சை அப்பிள் கிண்ணத்தையும் மேசையில் அவர் காட்டிய இடத்திலேயே வைத்தாள். அடுப்பில்தான் பிடிவாதம்.

"போன ஞாயிறு வந்த வெள்ளைக்காரச் சோடிக்கு வீடு நல்லாய்ப் பிடிச்சது. அடுப்படி வாசலிலை மூக்கைச் சுருக்கினதுகள்தான், அப்பிடியே திரும்பிப் போட்டுதுகள். பிஸ்கற் சுட்டு வீட்டை மணக்க வையுங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். நீங்கள் சுறாக்கறி வைக்கிறியள்!"

அவர் போய் முன்னறை யன்னலைத் திறந்தார். கனடாவின் மாசி மாதக் காற்று சீறிக்கொண்டு வந்தது.

"குளிருது. பூட்டுங்கோ, அண்ணை."

"மணம் போகட்டும்."

"பூட்டுங்கோ எண்டுறன்."

அகப்பையோடு வந்து தானே பூட்டிவிட்டுப் போனாள். அவள் திரும்பியதும் அவர் மறுபடி திறந்தார்.

"கீழை பேஸ்மென்ற் திறப்பைத் தாங்கோ," என்று சாவிக்குக் கை நீட்டினார்.

"அங்கை சாமான் அடைஞ்சு கிடக்கு. பிறகு காட்டலாம்."

"வாடகைக்கு இருந்த பிள்ளையை வீட்டாலை எழுப்பியாச்சுத்தானே?"

குணவதி ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். "ம்."

"உங்களுக்கு விக்க மனமில்லைப் போல. உங்கடை மனிசன் நவரட்ணத்தை ஒருக்கா யோசிச்சியளே? பிறம்ரனிலை இரவு வேலை முடிச்சு விடியப்புறம் இவ்வளவு தூரம் ஓடி வாறார். போன மாதம் ஸ்ரியறிங்கிலை நித்திரையாகி, காரைக் கரைச் சுவரிலை உரசினவர். வேலைக்குப் பக்கத்திலை போய் இருக்கத்தானே இதை விக்கிறியள்? அந்த மனிசனுக்கு ஏதும் நடந்தால் இந்தச் சட்டியோ வந்து நிக்கும்?"

அவள் கை நின்றுவிட்டது. பிறகு நெருப்பைக் குறைத்து, மூடியைச் சாத்தினாள். சட்டியை இறக்கவில்லை.

மணி அடித்தது.

வந்தது ஒரு தமிழ்ச் சோடி. பேனாட் என்பவரும் அவர் மனைவி ஜெயமலரும்.

"வாங்கோ, வாங்கோ. மணத்துக்கு மன்னிக்கோணும். சொன்னாலும் கேக்கினமில்லை," என்றார் குலசிங்கம்.

ஜெயமலர் குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், மூடியைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"சரக்குக்கறி. பால்சுறா போட்டது. ஆர் பிள்ளை பெத்தது?"

குணவதி குழாயைத் திறந்து அகப்பையைக் கழுவினாள்.

"அது சும்மா மீன்கறி," என்றார் குலசிங்கம்.

"சும்மாவோ? உள்ளியும் வேர்க்கொம்பும் திப்பிலியும் அரைச்சு ஆரும் சும்மா கறி வைப்பினமே? உங்கடை மனிசி பிள்ளை பெறேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"ஜேர்மனியிலை."

"அதுதான்."

பேனாட் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பிள் கிண்ணத்தைப் பார்த்தார்.

அப்போது அடுப்படித் தரையில், கீழ்த்தளத்திலிருந்து சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்குள்ளிருந்து, ஒரு பச்சைக் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

குலசிங்கம் துவாரத்தைப் பார்த்தார். பிறகு குணவதியைப் பார்த்தார்.

"மூண்டு கிழமை ஆகப்போகுது," என்றாள் அவள். "கீழை வாடகைக்கு இருக்கிற தனுசியாவின்ரை. அவளின்ரை தாய் ஊரிலை. புருசன் விசாவுக்குப் பாத்துக்கொண்டு கொழும்பிலை நிக்கிறான். ஆளை எழுப்புங்கோ எண்டு நீங்கள் லேசாய்ச் சொல்லிப்போட்டியள், அண்ணை. பச்சை உடம்புக்காரியை இந்தப் பனிக்குள்ளை எங்கை எழுப்பிறது? முப்பத்தொண்டு நாள் கழியுமட்டும் அவளுக்குப் பத்தியம் வைக்கிறது நான்தான். அதுக்கிடையிலை வீடு போகாட்டிப் போகட்டும்."

"நவரட்ணத்துக்குத் தெரியுமோ?"

"வேலையாலை வரேக்கை சுறா வாங்கிக்கொண்டு வாறதே அவர்தான்."

ஜெயமலர் மூடியைத் திரும்பச் சாத்தினாள்.

"எனக்கு மூத்தவன் பிறக்கேக்கை ஆஸ்பத்திரியிலை ஐஸ் தண்ணி தந்தவை. அப்ப இருந்த பார்க்டேல் அறைக்கு வந்தால் பாணும் ரின்மீனும். அரைச்சுத் தர ஒரு சனமில்லை." குளிர்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். "அண்ணை, மேலை இருக்கிற அறையளைக் காட்டுங்கோ. பிடிச்சால் எடுப்பம்."

"பேஸ்மென்ற்?" என்று கேட்டார் பேனாட்.

"அதை முப்பத்தொண்டு கழிய வந்து பாப்பம். இப்ப ஆரையும் எழுப்ப வேண்டாம்."

குலசிங்கம் மாடிப்படியை நோக்கி நடந்தார். பாதியில் நின்றார். திரும்பி முன்னறைக்குப் போய், தான் திறந்துவிட்ட யன்னலைத் தானே சத்தமில்லாமல் இறுக்கிச் சாத்தினார்.