தெருவைப் பார்த்த அறை

"கோட்டை வாசல் பக்கம் வேண்டவே வேண்டாம்," என்றாள் மனைவி. "அங்க தங்கினா நீங்க விடிஞ்சதும் சுவத்தைத் தட்டிப் பார்க்கப் போயிடுவீங்க. எந்தக் கல்லு ஆடுது, எங்க பூச்சு உதிருதுன்னு."

கொத்தனார் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப ஆத்தங்கரை? காத்து சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

"காத்தோட கொசுவும் வரும். உங்க முட்டிக்கு ஈரம் ஆகாது. ரெண்டு நாளும் நான் தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"கடைத்தெரு?"

"அங்க தங்கினா நான் வெங்காயம் என்ன விலைன்னு கேக்கப் போயிடுவேன்."

கொத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

உலகத்தின் எந்தெந்த மூலையில் இருந்தெல்லாமோ சனங்கள் வந்து, வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போகிற பழைய நகரம் அது. "அவங்களை மாதிரியே நாமளும் ரூம் போட்டுத் தங்கி, ஒரு வேலையும் செய்யாம, ராஜா ராணி மாதிரி சுத்திப் பார்க்கணும்" என்று கல்யாணமான புதிதில் சொன்னவர் அவர்தான். சொன்னதோடு சரி. ஒரு தடவை கூரை ஒழுகியது. ஒரு தடவை சாரத்தில் இருந்து விழுந்து இவர் காலை உடைத்துக்கொண்டார். அப்புறம் மகளுடைய பிரசவம். ஒவ்வொரு தடவையும் கட்டி வைத்த பெட்டியை அவள் ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து வைத்தாள். நேற்றுதான், தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா இனிமே நான் கேக்கவே மாட்டேங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். உடனே போய் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். லீவு கிடைத்தும் தங்குகிற இடம் முடிவாகாமல் போய்விட்டால் அப்புறம் அவள் முகத்தில் முழிக்க முடியாது.

"சரி, தாயே. நீயே சொல்லு. எங்கதான் தங்கணும்?"

"மணிக்கூண்டுத் தெரு." பதில் பட்டென்று வந்தது. எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறாள். "பச்சை ஜன்னல் வச்ச லாட்ஜ் ஒண்ணு இருக்கே, அதுல. மூணாவது மாடி. தெருவைப் பார்த்த ரூம்."

மறுபடி டீயை வாயில் வைத்த கொத்தனாருக்குப் புரை ஏறியது.

"உனக்கென்ன கிறுக்கா? அந்தத் தெருவுல என்னடி இருக்கு? சந்தும் சாக்கடையும், மாடிக்கு மாடி காயுற துணியும். அங்க போய்த் தங்கறதுக்கு நாம வீட்டுலயே இருந்துடலாம்!"

"அங்க ரூம் போடுறவங்க எல்லாம் கிறுக்கங்களா?"

"அந்த மணி வேற. மணிக்கு மணி அடிச்சே உயிரை எடுக்கும்."

"உங்க குறட்டையையே தாங்கறேன். அது என்ன பெரிய மணி?"

இதற்குமேல் வாயைக் கொடுத்தால் சேதாரம் தனக்குத்தான் என்று கொத்தனார் அடங்கிப் போனார்.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோவுலதான் போய் இறங்கணும். அங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க."

மறுநாள் சாயங்காலம் அப்படியே போய் இறங்கினார்கள். மடியில் பெட்டியும், தலை நிறைய எண்ணெயும், மடிப்புக் கலையாத சட்டையுமாக உட்கார்ந்திருந்த கொத்தனாரைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஆட்டோக்காரர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார். "உங்ககிட்டப் போய்க் காசா, அண்ணே!" என்று கையை உதறினார். மனைவி விடவில்லை. "எல்லார்கிட்டயும் என்ன வாங்குவீங்களோ அதை வாங்குங்க" என்று காசை ஆட்டோக்காரரின் சட்டைப் பையில் திணித்தாள்.

"வாங்கம்மா, வாங்க," என்றார் லாட்ஜ் மேனேஜர். "பயணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"சௌகரியத்துக்கு என்ன குறைச்சல்? கொஞ்சம் சுத்து வழி, அவ்வளவுதான்."

மேனேஜர் கொத்தனாரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சாவியை நீட்டினார்.

மூன்று மாடி ஏறுவதற்குள் கொத்தனாருக்கு மூச்சு வாங்கியது. அறையில் யாரோ விரித்து வைத்த வெள்ளைப் படுக்கை. சுருக்கம் இல்லை. அதில் உட்காரவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்ப் பச்சை ஜன்னலைத் திறந்தாள்.

மணிக்கூண்டின் மேல் கடைசி வெயில். அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற பழைய வீடுகள், பாசி ஏறிய ஓடுகள், கொடிகளில் ஆடுகிற துணிகள். எல்லாம் தங்க முலாம் பூசினது மாதிரி இருந்தன.

"இந்த ஜன்னல்ல வந்து நிக்கறவங்க எல்லாம் எதைத்தான் இப்படி விழுந்து விழுந்து படம் புடிக்கறாங்கன்னு பார்க்கணும்னு இருந்துச்சுங்க," என்றாள். ஜன்னலில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். "அழகாத்தாங்க இருக்கு."

கொத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் அவருடைய கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"கடைசியா நீங்கதானே பூட்டினீங்க? அங்க பாருங்க, நம்ம அடுப்படியில லைட்டு எரியுது!"

தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, இருபது வருஷமாக அவர்கள் குடியிருக்கிற வீடு. வீட்டுச் சாவிக்காகப் பையில் கை விட்ட கொத்தனாரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எரிஞ்சா எரியட்டும், விடுங்க. நாமதான் ஊர்லயே இல்லையே!"